கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களா?

சமயபுரம் சுங்கச்சாவடியில் பேருந்து நிற்கும்போதெல்லாம் சுங்கம் என்னும் சொல் நம் மனத்தில் இடறுகிறது. முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று வரலாறு வாழ்த்துகிறது. 'டாரிஃப்' என்று ஐரோப்பியர் வழங்கும் சொல்லோ, அறிவித்தல் எனப் பொருள்படும் 'தஃரீஃப்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. இவை வகுப்பில் சொல்லி மகிழ்வதற்குரியவை. அந்தச் சாவடிக்கு அருகே கடை வைத்திருக்கும் ஒரு பெரியவருக்குச் சுங்கம் என்றால் இன்று வேறு பொருள்.

அவர் மகன் நம்மிடம் ஓதியவன். வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது தென்னாட்டு விமான நிலையம் ஒன்றில் தங்கத்துடன் பிடிபட்டான். யாரோ கொடுத்த பை. விமானச் சீட்டும் சிறு தொகையுமே கூலி. இத்தகையோரைக் 'குருவி' என்கிறார்கள். குருவிகள் எல்லாச் சமுதாயத்திலும் உண்டு, வறுமைக்கு மதமில்லை. பெரியவர் நம்மைத் தேடி வந்தது நான்காம் நாள். முதலில் ஒரு கட்சிப் பிரமுகரிடமும், பிறகு 'உள்ளே ஆள் தெரியும்' என்ற ஒரு தரகரிடமும் போயிருக்கிறார். இருவரும் சொன்னது ஒன்றே: "காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், இரவே விட்டுவிடுவார்கள்." பையன் ஆறு பக்கங்களில் போட்டான். விடவில்லை.

கடத்தலுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. பையைக் கொடுத்தனுப்பிவிட்டுக் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருப்பவனைப் பற்றி நமக்கு நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. ஆனால் நம் ஊர்களில் வேதவாக்காக உலவும் அந்த அறிவுரையைக் கண்டித்தே ஆக வேண்டும்.

சுங்கவரி அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் மத்தியப் பட்டியலுக்கு உரியது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின்கீழ்க் குற்ற வழக்கு நடக்கச் சுங்க ஆணையர் இசைவு தர வேண்டும். மாநில ஆட்சியின் கை அங்கே நீளாது. அமெரிக்காவில் மத்தியக் குற்றங்களுக்கென்றே தனி நீதிமன்றங்கள் உள்ளன. இங்கே அப்படி இல்லாமல், பையன் நிற்பது நம் ஊர் மாஜிஸ்திரேட்டின் முன்னேதான் என்பதால், பிரமுகரின் தொலைபேசி வேலை செய்யும் என்ற மயக்கம் நமக்கு நீங்குவதில்லை.

இனி அந்தக் கையெழுத்துக்கு வருவோம். போலீஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றத்தை மெய்ப்பிக்கச் செல்லாது என்பது பலருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆனால் சுங்க அதிகாரி போலீஸ் அதிகாரி அல்லர் என்று 1968-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. 108-ஆம் பிரிவின்கீழ் அவரிடம் தரும் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படும். அழைக்கும் அதிகாரம் உண்டு, கைது செய்யும் அதிகாரம் உண்டு, சோதனையிடும் அதிகாரம் உண்டு. போலீஸ் என்ற பெயர் மட்டும் இல்லை. பெயரில்லாததால் பாதுகாப்பும் இல்லை! 2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், போதைப்பொருள் சட்ட அதிகாரிகளிடம் தரும் ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்ப்புரைத்தது. பையில் போதைப்பொருள் இருந்தால் செல்லாத ஒப்புதல், தங்கம் இருந்தால் செல்லுமாம். இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

ஃபிக்ஹு நூல்களில் 'இக்றார்' என்றால் ஒப்புதல், 'இக்றாஹ்' என்றால் வற்புறுத்தல். ஓசையில் அண்டை வீட்டார். ஆனால் பின்னது புகுந்த இடத்தில் முன்னது நில்லாது என்று மாணவர்க்குக் கற்பிக்கிறோம். வாதிமேல்தான் சான்றின் சுமை என்றும் கற்பிக்கிறோம். சுங்கச் சட்டத்தின் 123-ஆம் பிரிவோ, கடத்தல் பொருளென நியாயமாக நம்பிக் கைப்பற்றிய தங்கம் கடத்தியதன்று என்று காட்டும் சுமையை, அதை வைத்திருந்தவன் தலையில் வைக்கிறது. இவ்வளவு சுமை இருக்கும்போது கையெழுத்தையும் வாரி வழங்குவது என்ன புத்திசாலித்தனம்?

அழைப்புக்குப் போகத்தான் வேண்டும். பொய் சொல்லக் கூடாது, அதுவே தனிக் குற்றமாகும். ஆனால் படிக்காத தாளில் ஒப்பமிடச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. தமிழ் எழுதத் தெரிந்தவன் தன் வாக்குமூலத்தைத் தமிழில் தன் கையாலேயே எழுதட்டும். உடலைச் சோதிக்கும்போது கெஜட்டட் அதிகாரியிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ கொண்டு போகச் சொல்லிக் கேட்கலாம். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உறவினர்க்கு அறிவிப்பதும் வழக்கறிஞரைச் சந்திக்க விடுவதும் சுங்கத்தார்க்கும் கடமையே என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அடித்தோ மிரட்டியோ வாங்கிய வாக்குமூலமாயின் மாஜிஸ்திரேட் முன் நிற்கும் முதல் நாளிலேயே அதைச் சொல்லி, எழுத்திலும் மறுத்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுப்பதை எந்த நீதிபதியும் ஐயத்தோடுதான் பார்ப்பார். நம் மாணவன் அன்று வாய் திறக்கவில்லை. 'பேசினால் ஜாமீன் கிடைக்காது' என்று தரகர் சொல்லியிருந்தாராம்.

காஃபிபோசா என்னும் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் வேறொன்று. விசாரணையின்றியே ஓராண்டு வரை சிறைவைக்கலாம். காவல் காரணங்களை வழக்கமாக 5 நாளுக்குள், மிஞ்சினால் 15 நாளுக்குள், புரியும் மொழியில் தர வேண்டும். அதை எதிர்த்து எழுதும் முறையீட்டை அரசு தாமதமின்றிப் பார்க்க வேண்டும். கேரளத்து வழக்கொன்றில் சிறையிலிருந்து சாதாரணத் தபாலில் அனுப்பிய முறையீடு போய்ச் சேராமல் சுமார் ஒன்பது மாதம் கழிந்ததைக் கண்டித்து, 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் காவலாணையையே ரத்துச் செய்தது. மனு எழுதியவர்க்கே இந்தப் பலன். பிரமுகர் வாசலில் காத்திருந்தவர்க்கு அன்று.

நம் ஜமாஅத்துகள் என்ன செய்கின்றன? கல்யாண மண்டபத்துக்குப் பளிங்கு பதிக்க வசூல் நடக்கிறது. ஒரு வழக்கறிஞரின் பெயரைப் பள்ளிவாசல் பலகையில் எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர்க்கு வருமானம் பாராமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். தரகருக்குக் கொடுக்க அந்தப் பெரியவர் மனைவியின் வளையலை விற்றார்.

சென்ற மாதம் அவர் கடைக்குப் போனோம். கல்லாப்பெட்டியிலிருந்து மடித்த தாள்களை எடுத்து நீட்டினார். தங்கத்தை ஏன் பறிமுதல் செய்யக் கூடாது, அபராதம் ஏன் விதிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஆங்கில நோட்டீஸ் அது. அபராதம் கட்டினாலும் குற்ற வழக்கு தனியே நடக்கலாம். ஆனால் இந்த விசாரணையில் குற்றமே இல்லை என்று முடிவானால் அது அந்த வழக்கையும் வீழ்த்தக் கூடும். ஆகவே இதற்குப் பதில் எழுதாமல் விடுவது பெரும் பிழை. "தரகரிடம் கொடுத்த பணத்துக்கு வந்த ரசீது என்று நினைத்தேன், ஹஜ்ரத்" என்றார் பெரியவர். தேதியைப் பார்த்தோம். பதில் சொல்ல இன்னும் ஒன்பது நாள் இருந்தது.