கப்பலின் மாதிரி ஆய்வு, காரின் மாதிரி பொம்மையா?

விடுதலை பெற்ற இந்தியாவில் கட்டப்பட்ட முதல் போர்க்கப்பலான ஐஎன்எஸ் அஜய் 1961இல் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சிலிருந்து கடற்படைக்குச் சென்றது. கப்பல் பொறியியலில் மாதிரியை எவரும் ஏளனம் செய்வதில்லை. வில்லியம் ஃப்ரூட் 1870களில் வகுத்த நெறிப்படி, கரக்பூர், சென்னை ஐஐடிகளின் தொட்டிகளில் சிறு கப்பல்கள் இழுத்துச் சோதிக்கப்படுகின்றன. நிலத்தில் ஓடும் ரிமோட் பக்கி கார் மட்டும் பொம்மைக் கடைக்கு உரியதாகவே கருதப்படுகிறது. இது நியாயமற்ற பாகுபாடு.

பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பக்கியின் பின்சக்கர சஸ்பென்ஷனை நோக்குக. நீளம் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும் புவியீர்ப்பு குறைவதில்லை. எனவே பெரிய காரைப் போலவே அது நடந்துகொள்ள வேண்டுமாயின், அதன் சுருள்வில் ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக (பத்தின் வர்க்கமூலம்) அதிர வேண்டும். தளர்ந்த மண்ணில் பிடிமானம் குறைவு. மென்மையான வில்லும் நீர்த்த சிலிகான் எண்ணெயும் அங்கே உதவுகின்றன. கம்பள விரிப்புத் தடத்திலோ பிடிமானம் மிகுந்து வண்டி கவிழ்கிறது. ஆகவே வில்லை இறுக்கி, உயரத்தைக் குறைக்கின்றனர். டாம்பர் பிஸ்டனின் துளைகளைச் சிறிதாக்கினால், தாவி விழும் வண்டி தரையில் மோதாமல் தாங்கப்படுகிறது. அதே துளைகளால் அடுத்தடுத்த சிறு மேடுகளில் சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. பின்கைகளின் உள்ளச்சை முன்புறம் உயர்த்தினால், முடுக்கும்போது வண்டியின் பின்புறம் அமிழ்வது குறையும். ஆனால் கரடுமுரடான தடத்தில் அந்தச் சாய்வே சக்கரத்தின் இயல்பான அசைவைத் தடுக்கும். ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்க வேண்டும் என்பதை மென்பொருள் வரைபடத்தைவிட இது தெளிவாகக் காட்டும்.

2007 முதல் நடைபெறும் பாஹா எஸ்ஏஇ இந்தியா போட்டிக்கு மாணவர்கள் முழு அளவு வாகனத்தையே கட்டுகின்றனர். பாராட்டத்தக்க முயற்சிதான். எனினும் கட்டி முடிப்பதிலேயே ஆண்டு கழிந்துவிட, மாற்றிப் பார்க்கும் வாய்ப்பு அருகிவிடுகிறது. சிறு பக்கியிலோ எண்ணெயை மாற்றிவிட்டு அதே பிற்பகலில் மீண்டும் ஓட்டலாம்.

டயரும் மணல்துகளும் அளவுக்கேற்பச் சுருங்குவதில்லை என்ற மறுப்பு உண்மையே. தொட்டியிலும் நீரின் பாகுத்தன்மை சுருங்குவதில்லையே! கப்பல் பொறியாளர்கள் அப்பிழையைக் கணக்கிட்டுத் திருத்துகின்றனர், மாதிரியைக் கைவிடுவதில்லை. ஹூக்ளிக் கரையின் வண்டல், கோடையில் வெடித்துக் கெட்டிப்படுகிறது. மழைக்குப் பின் வழுக்குகிறது. அங்குள்ள பொறியியல் கல்லூரி ஒன்று இவ்விரு பருவங்களிலும் ஒரே பக்கியை ஓட்டி, அளவீடுகளை ஆய்வகப் பதிவேட்டில் ஏற்கலாம். இதற்குத் தேவைப்படுவது ஒரு மேசையும் சில குப்பி எண்ணெயும், துறைத்தலைவரின் ஒப்புதலுமே.