மக்ரூன் பறங்கிச் சொல் அல்ல

தூத்துக்குடி மக்ரூனைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது: ‘மக்ரூன் என்பது முந்திரியும் முட்டையும் சேர்ந்த இனிப்பைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல்.’ ஒருவர் எழுதியதை இன்னொருவர் எடுத்து எழுதி, இப்போது கடைக்காரரே நம்மிடம், “அது பறங்கிக்காரன் பேரு சார்” என்கிறார். திருநெல்வேலியில் பிறந்து, அந்தக் காகிதக் கூம்பைப் பிரித்துப் பிரித்தே வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: தப்பு.

போர்ச்சுக்கீசில் ‘மக்கர்ராவ்’ என்றொரு சொல் உண்டு. லிஸ்பனிலோ சாவோ பாவுலோவிலோ அதைக் கேட்டுப் பாருங்கள். தட்டில் மக்ரோனி வரும். நம் மக்ரூனின் பெயர் இத்தாலியில் கிளம்பி, பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலம் வழியாக இங்கே வந்தது. அகராதிகூட வேண்டாம், காதே போதும். போர்ச்சுக்கீசியரின் மூக்கால் சொல்லும் ‘ஆவ்’ தமிழுக்கு வந்தபோது என்ன ஆயிற்று? ‘லெய்லாவ்’ ஏலம் ஆனது. ரொட்டியைக் குறிக்கும் ‘பாவ்’ இலங்கைத் தமிழில் பாண் ஆனது. மக்ரூனில் ‘ஊன்’ எங்கிருந்து வரும்? வெள்ளைக்காரன் வாயிலிருந்துதான்.

“பேரு போகட்டும்வே, பண்டம் அவங்க குடுத்ததுதானே” என்பார்கள். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து அடுப்பில் வேகவைப்பது ஐரோப்பியப் பழக்கம், மறுக்கவில்லை. ஆனால் 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்கும் உண்டு. முழுப் பெருமையையும் போர்ச்சுக்கீசியருக்கே எழுதிக்கொடுக்க யாருக்கு என்ன அவசரம்?

உண்மையில் எழுத வேண்டியதை இந்தக் கட்டுரைகள் எழுதுவதில்லை. ஐரோப்பாவில் அந்தப் பண்டத்துக்குப் பாதாம். நம்மிடம் முந்திரி, ஊர்ப் பேச்சில் அண்டிப்பருப்பு. அது பிரேசில் மரம். அங்கே துப்பி மக்கள் அதை ‘அகாஜு’ என்றார்கள். போர்ச்சுக்கீசியர் அதைக் ‘காஜு’ ஆக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். மலையாளி இன்றும் பறங்கிமாவு என்று சொல்லிக் கணக்கைச் சரியாக வைத்திருக்கிறான். அன்னாசியும் துப்பிச் சொல்தான். போர்ச்சுக்கீசியர் சுமந்து வந்தவர்கள், அவ்வளவே. மக்ரூனுக்குள் இருக்கும் பிரேசிலை விட்டுவிட்டு, இல்லாத லிஸ்பனைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் பக்கத்தில் ‘பாவ் தி கேய்ஜு’ என்று ஓர் உருண்டை உண்டு. மரவள்ளி மாவும் சீஸும் சேர்ந்தது. பெயரின் முதல் பாதி யாழ்ப்பாணத்தில் பாணாக இருக்கிறது. ‘கேய்ஜு’ மலாய் மொழியில் ‘கேஜு’வாகி இன்றும் சீஸைக் குறிக்கிறது. மரவள்ளி மட்டும் நம் வீட்டில். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் பல ஆண்டுகள் வாழ்ந்து தமிழ் இலக்கணமே எழுதியவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் பாதிரியார். அப்படியிருந்தும் ‘கேய்ஜு’ நம் கரையில் ஏறவில்லை. பால் இங்கே தயிராகி, மோராகி, நெய்யாகிவிடும். திரிந்த பாலைக் கீழே கொட்டுவார்கள். பண்டம் வீட்டுக்குள் வராமல் பேர் வராது. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாம் பண்டத்தோடு வந்தவை.

சீஸ் ரொம்பப் பிந்தி, ஆங்கிலப் பெயரோடு வந்தது. அதற்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘பாலாடைக்கட்டி’. ஆடை என்பது காய்ச்சிய பாலில் மேலே படிவது. சீஸ் பாலைத் திரித்து எடுப்பது. சமையலறைக்குள் எட்டிப் பார்க்காமல் செய்த சொல் அது.

பள்ளியில் என் கட்டுரை நோட்டில் ‘சாவி’யைச் சிவப்பு மையால் அடித்துத் ‘திறவுகோல்’ என்று எழுதினார் தமிழாசிரியர். “இது பறங்கிச் சொல்லுல, இனி எழுதப்பிடாது” என்றார். நோட்டை மேசையில் வைத்துவிட்டு, மேசை என்று எழுதியிருந்த வரியைத் தாண்டிப் போனார். வீட்டில் ஆச்சி அரிசிப் பெட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். அவளிடம் போய்த் திறவுகோலைக் கேட்டேன். “என்னத்தலே கேக்க?” என்றாள்.