தடித்த எழுத்தில் ஓர் எண்

சந்தாபுராவில் அண்மையில் நான் பெற்ற இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. வீட்டார் அதை நோயென்றே வாசித்தனர். பிழை எண்ணில் இல்லை. 'இயல்பு அளவு' என்னும் சொல்லில் இருக்கிறது. பெரும்பாலான வரம்புகள் நலமுள்ளோரில் நடுவிலுள்ள 95 விழுக்காட்டினரைக் கொண்டு வகுக்கப்பட்டவை. வெளியே நிற்கும் 5 விழுக்காட்டினரும் நலமுள்ளோரே. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் செய்தால், நோயற்றவருக்கும் ஒன்றேனும் வரம்பு மீற ஏறத்தாழ 64 விழுக்காடு வாய்ப்புண்டு. (கொழுப்பு, சர்க்கரை எல்லைகள் வேறு வகை, அவை நோய் அபாயத்தைக் கொண்டு வகுத்தவை.) பின்லாந்தின் கிரேஸ்பெக்கும் சாரிஸும் 1969இலேயே 'இயல்பு' என்பதற்கு மாற்றாக 'ஒப்பீட்டு அளவு' என்னும் கருத்தை முன்வைத்தனர். மருத்துவத் தமிழ் எழுதுவோர் இன்னும் 'இயல்பு' என்றே எழுதுவது வெறும் மொழிபெயர்ப்புச் சோம்பலன்று. நலமுள்ளவரை நோயாளியாக்கும் சொல்லாட்சி.