முழங்கால் வலிக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் கட்டாயமா? புதிய தொழில்நுட்பம் மாற்றியது என்ன?

சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளத்தில் களையெடுப்பு, அறுவடை எல்லாமே குத்தவைத்துச் செய்யும் வேலைதான். பல ஆண்டுகள் இப்படி வேலை செய்தால் முழங்கால் தேய்மானத்துக்கு வாய்ப்பு அதிகம். வலி வந்ததும் எழும் கேள்வி: எம்ஆர்ஐ எடுக்கணுமா?

எக்ஸ்ரே போதாதா?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். ஜவ்வு, குருத்தெலும்பு, தசைநார் தெளிவாகத் தெரிய எம்ஆர்ஐ வேண்டும். இது காந்தப்புலத்தில் இயங்குவதால் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது.

புதுசு என்ன?

வேகம். ஸ்கேனில் அசைந்தால் படம் கலங்கிவிடும். நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக்கும் 2018-ல் 'ஃபாஸ்ட்எம்ஆர்ஐ' ஆய்வைத் தொடங்கின. வழக்கமான தரவில் நான்கில் ஒரு பங்கை வைத்தே ஏஐ உருவாக்கிய முழங்கால் படங்கள், நோயைக் கண்டறிய வழக்கமான படங்களுக்கு ஈடாக இருந்ததாக 2020-ல் முடிவு வெளியானது.

அப்போ எல்லாரும் எடுக்கலாமா?

இங்கேதான் கவனம் தேவை. 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்தி 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் மூட்டு வலியே இல்லை. அதாவது, ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்று இருந்தாலே அதுதான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எப்போது அவசியம்?

கீழே விழுந்து முழங்கால் முறுக்கிக்கொண்டால், மூட்டு மாட்டிக்கொண்டு நீட்ட முடியாவிட்டால், நடக்கும்போது கால் நழுவினால் எம்ஆர்ஐ உதவும். வயதானவர்களின் தேய்மான வலிக்குப் பெரும்பாலும் டாக்டரின் பரிசோதனையும், நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயும் போதும்.

செலவு செய்வதற்கு முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ஸ்கேன் முடிவால் என் சிகிச்சை மாறுமா?"