அப்பா அம்மா படத்துக்கு ஊட்டி எதற்கு? வீட்டுத் திண்ணை போதும்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதற்கு ஐந்து நிமிடம் தரலாம்.

துக்க வீடுகளுக்கு அடிக்கடி போகிற வயது எனக்கு. பல வீடுகளில் ஒரே காட்சிதான். மாலை போட்டு வைக்க ஒரு நல்ல படம் இருக்காது. பேரன் செல்போனில் தேடிக்கொண்டிருப்பான். கடைசியில் ஆதார் அட்டைப் படத்தையோ, யாருடைய கல்யாணத்திலோ ஓரத்தில் நின்ற முகத்தையோ வெட்டிப் பெரிதாக்கிக் கொண்டுவருவார்கள். எழுபது வருடம் வாழ்ந்தவரின் முகம் கலங்கிப்போய்ச் சட்டத்துக்குள் இருக்கும். அதே வீட்டுப் பிள்ளைகளின் திருமணத்துக்கு மலை, கடற்கரை, ரிசார்ட் என்று நூற்றுக்கணக்கில் படம் எடுத்திருப்பார்கள்.

இளையவர்களின் ஆசையை நான் குறை சொல்லவில்லை. தண்டவாளத்தில் மட்டும் நிற்காதீர்கள். உயிருக்கு ஆபத்து, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. மற்றபடி உங்கள் விருப்பம். ஆனால் பெற்றோரைப் படம் எடுக்கும்போதும் அதே கணக்கைப் போட்டு, "ஊட்டிக்குக் கூட்டிப் போய் எடுக்கலாம் சார்" என்கிறீர்களே, அதில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

ஒருவரைப் படம் எடுக்கச் சரியான இடம், அவர் உடம்புக்குப் பழகிய இடம். ஊட்டியில் அப்பா விறைத்து நிற்பார். கையை எங்கே வைப்பது என்று தெரியாது. தன் கடை மேசைக்குப் பின்னால், தறிக்குப் பக்கத்தில், வரப்பில் அவரை உட்காரச் சொல்லுங்கள். கை தானாக இடம் தேடிக்கொள்ளும்.

1946இல் மார்கரெட் போர்க்-ஒயிட் 'லைஃப்' பத்திரிகைக்காகக் காந்தியடிகளை எடுத்த படம் நினைவிருக்கிறதா? தரையில் அமர்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். முன்னால் ராட்டை. பின்னால் மலையுமில்லை, மாளிகையுமில்லை. படம் எடுக்கும் முன் அந்த அம்மையார் நூல் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இடத்தையும் மனிதரையும் புரிந்துகொண்டு எடுத்த படம் என்பதால்தான் இன்னும் நிற்கிறது.

சரி, வீட்டில் எந்த மூலை? வெளிச்சத்தைப் பாருங்கள். உச்சி வெயில் கூடாது; கண்குழியில் நிழல் விழும். வேப்பமர நிழல் அழகுதான், ஆனால் இலை இடுக்கில் வரும் வெயில் முகத்தில் திட்டுத்திட்டாக விழும். திண்ணை நல்லது. மேலே கூரை, முன்னால் திறந்த வானம். வெளிச்சம் மென்மையாக வரும். ஜன்னல் என்றால் வடக்கு ஜன்னல் என்று புத்தகங்கள் சொல்லும். நம் ஊரில் சித்திரை, வைகாசி, ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். காலை மாலையில் அந்த ஜன்னலிலும் வெயில் நுழையலாம். ஆகவே திசையை நம்பாமல் கண்ணால் பாருங்கள். பளிச்சென்ற பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் முகமும் பச்சை அடிக்கும். சுவரை விட்டு நாலைந்து அடி முன்னால் அமரட்டும். போனை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிதாகிவிடும். பின்னால் தொங்கும் துண்டையும் பிளாஸ்டிக் குடத்தையும் மட்டும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று முக்கியம். அம்மா என்றால் அடுப்படி என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். என் அத்தையிடம் "எங்கே உட்கார்றீங்க?" என்று கேட்டேன். ஐம்பது வருடம் சமைத்த அடுப்படியை அவர் சொல்லவில்லை. பட்டாளத்தில் இருந்த மகனின் கடிதத்துக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்த வாசல்படியைக் காட்டினார். கேட்காமல் இருந்திருந்தால் எங்கள் யாருக்கும் அது தெரிந்திருக்காது. அந்த வாசல்படி இருந்த வீடு இன்று இல்லை. இடத்துக்கும் ஆயுள் உண்டு. வீட்டை இடித்துக் கட்டப்போகிறவர்கள், ஊரை விட்டுப் பெற்றோரை நகரத்துக்கு அழைத்துப்போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

"எனக்கெதுக்குப்பா போட்டோ" என்பார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று இன்னும் நம்புகிற பெரியவர்களும் உண்டு. வற்புறுத்த வேண்டாம். பேரன் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் கேமராவை மறந்துவிடுவார்கள்.

ஓய்வு பெற்றாலும் வாத்தியார் வாத்தியார்தான், ஆகவே வீட்டுப்பாடம் உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, காலை எட்டு மணி வாக்கில், அவர்கள் சொல்லும் இடத்தில் அப்பாவுக்கு ஒரு படம், அம்மாவுக்குத் தனியாக ஒரு படம். போனிலேயே விட்டுவிடாமல் பிரிண்ட் போட்டு, அவர்கள் கண்ணால் பார்க்கும்படி இப்போதே சுவரில் மாட்டுங்கள்.

எந்த இடத்தைச் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்