காய்ந்த மரமே நாதம் தரும்

பழைய அரிசிக்கு ஒரு விலை, புது அரிசிக்கு ஒரு விலை வைக்கிறோம். மரத்துக்கும் அதே நியாயம் வேண்டாமா?

2013-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைக்கு, பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம் போகிறது. முற்றிய மரமாக, விரிசல் இல்லாததாகப் பார்த்து எடுக்கிறார்கள். ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாந்த வீணை. ஈரம் காயாத கட்டையோ பின்னால் வெடிக்கும், நாதமும் மங்கும். செய்தவரின் உழைப்பு முழுவதும் வீண்.

முதல் முடங்குகிறதே என்று பச்சை மரத்தை உலர்ந்ததென்று தள்ளிவிடுவது, புது அரிசியைப் பழசென்று விற்பதற்குச் சமம். வல்லம் வட்டார மரவியாபாரிகள் வெட்டிய தேதியைக் கட்டையிலேயே எழுதி வைக்கட்டும்; காத்திருந்து காயவைத்ததற்குத் தனி விலை கேட்கட்டும். முற்றிய பலாவை விறகு விலைக்கு விடவும் வேண்டாம். எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. சொல்லும் சரியாக இருக்க வேண்டும்.