தன்னோடு தானே பொருதும் அணி

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பந்து பெரும்பாலும் கையிலேயே இருக்கும். பெயர்ப்பொருத்தத்தை அவர்களிடமே விட்டுவிடுவோம். அங்குள்ள பல்கலைக்கழக அணிகள் இளவேனிலில் இருகூறாகப் பிரிந்து, தமக்குள்ளேயே பொருதிப் பார்ப்பது வழக்கம். 2007 ஏப்பிரலில் அலபாமாப் பல்கலைக்கழக அரங்கில் அத்தகைய ஆட்டமொன்றைக் காண 92,138 பேர் திரண்டனர். ஆண்டுக்குச் சுமார் 40 இலட்சம் டொலர் ஊதியத்தில் வந்த புதிய பயிற்சியாளர் நிக் சேபன் மீதே அனைவர் கண்ணும் இருந்தது.

இத்தகைய ஆட்டம் முடிந்ததும் இரசிகரிடையே வழக்கு எழும். பந்தெறிவோன் சிறந்தான் என்பார் ஒருவர். தடுப்போர் தளர்ந்தமையாலன்றோ என்பார் மற்றவர். ஈட்டியதும் இழந்ததும் ஒரே அணியாயின் தீர்ப்பளிப்பவர் யார்? தர்க்கம் பயிலும் மாணவர் இதனைச் சற்றே ஊன்றி நோக்குவாராக. மேலும், காயத்துக்கு அஞ்சிப் பந்தெறிவோனை நிலத்தில் வீழ்த்தாது விடுவதும் வழக்கம். மோதலுக்கு நடுவே அவன் நெஞ்சுரம் எத்தகையது என்பது, ஆதலின், அங்கே புலப்படுவதில்லை.

அவ்வாண்டுப் பருவத்தில் அலபாமா 13 ஆட்டங்களில் 7 வென்று 6 தோற்றது. லூசியானா–மன்றோ என்னும் எளிய அணியிடம் தன் அரங்கிலேயே 21–14 என வீழ்ந்தது. ஐயுற்றோர் தலைநிமிர்ந்தனர். 2009 ஆம் ஆண்டுப் பருவத்திலோ அதே பயிற்சியாளரின் அணி 14 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்றது, நம்பினோரும் தலைநிமிர்ந்தனர்.